ஊசி குத்திய ஒயர்

பெனிஷா அக்கா, எண்ணூர் உப்புக்காற்றில் ஒரு கன்டெய்னர் லாரிக்கு அடியில் படுத்திருக்கிறேன். லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியும் பிரேக் கம்ப்யூட்டர் பெட்டியும் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர்களில் மீட்டரை வைக்கிறேன். அறுபது ஓம் காட்ட வேண்டிய இடத்தில் நூற்றிருபது காட்டுகிறது. வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. டேப்பைப் பிரித்துக்கொண்டே போகிறேன். மஞ்சள் ஒயரில் ஓர் ஊசித்துளை, அதைச் சுற்றி, உப்புக்காற்று புகுந்து செம்பு அரித்த பச்சைப் பொடி. தொட்டதும் ஒயர் இரண்டாகிறது. போன மாதம் சிக்னல் பார்க்க அந்த இடத்தில் ஊசி குத்தியவன் நான்தான். துளையை மூட மறந்தவனும் நான்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. வெளியே மேஸ்திரி கிருஷ்ணப்பன் டிரைவரிடம் கத்துகிறார். "இன்னா வல்லரசு, காட்டுப்பள்ளி ரோட்டுத் தண்ணில வண்டிய எறக்கினியா?" "என் புள்ள மேல சத்தியமா இல்ல நைனா. தண்ணின்னு நீ சொன்னா ஓனரு இன்னிக்கே சாவிய புடுங்கிடுவாரு." மேஸ்திரி குனிந்து என்னைப் பார்க்கிறார். "இன்னாடா அபின், தண்ணிதானே?" எனக்கு வல்லரசுவின் செருப்பு மட்டும் தெரிகிறது. அதன் அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருக்கிறது. பச்சைப் பொடியைச் சட்டையில் துடைக்கிறேன். "தண்ணிதான் அண்ணாச்சி."