ஆறாவது ஞாயிறு

"இன்னும் எத்தனை நாளைக்குய்யா நான் இவகிட்ட கெஞ்சணும்?"

ரெனியே பிரபு கையுறையைக் கழற்றித் தரையில் வீசினார். இரும்பு வளையம் கோத்த கையுறை. விழுந்த சத்தத்தில் மேசைக்கடியில் படுத்திருந்த வேட்டைநாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

கோட்டைக் கூடத்தில் முப்பது வீரர்கள். எல்லோர் தோளிலும் சிவப்புத் துணியில் தைத்த சிலுவை. எல்லோர் கண்ணும் ஜன்னலோரம் உட்கார்ந்து துணியில் பூ வேலை செய்துகொண்டிருந்த பிரபுவின் மனைவி பெர்னெல் மேல்தான்.

ஜெருசலேம் போக எல்லாம் தயார். மர்செய் துறையில் கப்பல்கள் காத்து நிற்கின்றன. ஆனால் திருச்சபைச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. கல்யாணமானவன் சிலுவைப்போருக்குப் போவதென்றால், அவன் மனைவி ஆயர் முன்னால் வாய் திறந்து 'போகட்டும்' என்று சொல்ல வேண்டும். தலைவன் போகாமல் படை நகராது.

பெர்னெல் ஐந்து ஞாயிற்றுக்கிழமை 'கூடாது' என்று சொல்லியாகிவிட்டது. இன்று ஆறாவது. ஆயரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

எதிரிக் கோட்டை எத்தனையோ பிடித்த மனிதர், வீட்டுக்குள் இப்படித் தோற்று நிற்கிறாரே என்று வீரர்களுக்கு ஒரே எரிச்சல். இரண்டு முறை படை நடத்திப் போய்த் திரும்பியவர் அவர். போன தடவை முற்றுகையில் குதிரைத்தோலை வேகவைத்துத் தின்றதை வீரர்கள் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். பிரபு மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

தளபதி கிரார் ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, குளிர் வந்துட்டா கப்பல் நகராது. அப்புறம் அடுத்த வருஷம்தான். எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கேட்ட உடனே சரின்னுட்டாங்க."

"உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு உங்களைப் பத்தி நல்லாத் தெரியும்யா" என்றாள் பெர்னெல்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினான்.

ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே அவளைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் பாவாடையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். 'பெர்னெல் பாவாடை நாடா, பிரபு வாளைக் கட்டிப்போட்டா' என்று யாரோ கட்டிவிட்ட பாட்டை நேற்று கோட்டைக்குள்ளேயே துணி துவைக்கிறவள் பாடினாள். பெர்னெல் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

நூல் பிடித்துக்கொண்டிருந்த பணிப்பெண் கோதின் அவள் காதருகே குனிந்தாள். "ஐயா என்னமோ இந்தக் கத்து கத்தறாரு. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்க 'கூடாது'ன்ன அன்னிக்குச் சாயங்காலம், தன் கையாலயே பேரிக்காயைத் தோல் சீவி, தேன் ஊத்தி உங்களுக்குத் தர்றாரு. எம்புருஷனுக்குக் கோவம் வந்தா தட்டுதான் பறக்கும். உங்களுக்குத் தங்கமான மனுஷன் வாய்ச்சிருக்காரும்மா."

"எனக்கு இப்பல்லாம் பேரிக்காயைப் பார்த்தாலே குமட்டுது" என்றாள் பெர்னெல்.

ஆயர் தொண்டையைச் செருமினார். வயசானவர், ஆறு வாரமாக இந்தக் கோட்டைப் படியேறி அவருக்கு முழங்கால் போய்விட்டது. "சீமாட்டி, கடைசித் தடவையா கேக்கறேன். உங்க கணவர் போகலாமா?"

"கேட்டு என்ன பிரயோஜனம், சாமி?" பிரபு முந்திக்கொண்டார். வீரர்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "இவ எப்படி விடுவா? இவ அப்பன் ஒரு நாள் வாளைத் தொட்டதில்ல. ஊரே போருக்குப் போனப்ப வீட்டுல உக்காந்து ஒயின் குடிச்சிட்டிருந்தவன். கோழை வீட்டுல பொண்ணு எடுத்தா இப்படித்தான்! ஒரு வீரன் வீட்டுப் பொண்ணைக் கட்டியிருந்தா நான் இந்நேரம் ஜெருசலேம் வாசல்ல நின்னிருப்பேன்!"

வீரர்கள் 'ஆமா' என்று தலையாட்டினார்கள்.

பெர்னெலின் ஊசி நின்றது. அவள் அப்பா செத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைசி இருபது வருஷம் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். அது பிரபுவுக்கும் தெரியும்.

அவள் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாமி, இன்னொரு தடவை கேளுங்க."

ஆயர் பிரபுவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க கணவர் சிலுவைப்போருக்குப் போகலாமா, சீமாட்டி?"

"போகட்டும்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் கூடமே அதிர்ந்தது. கிரார் மண்டியிட்டு அவள் ஆடை விளிம்பை முத்தமிட்டார். பாவாடை நாடாப் பாட்டைப் பாடித் திரிந்தவர்களே 'சீமாட்டி வாழ்க' என்று கத்திக்கொண்டு குதிரை லாயத்துக்கு ஓடினார்கள். ஆயர் தேவாலய மணியை அடிக்கச் சொல்லக் கிளம்பினார். கோதினும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கூடம் காலியாகிவிட்டது. கையுறையை எடுக்கக் குனிந்த பிரபு பாதியிலேயே நின்றிருந்தார். மெதுவாக நிமிர்ந்து, மனைவியிடம் வந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பெர்னெல் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

பிரபு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்:

"அடிப்பாவி, 'கூடாது'ன்னுதானேடி சொல்லச் சொன்னேன்!"