வேறொருவர் போட்ட வாக்ஸ்

ஞாயிறு காலையில் காரைக் கழுவி வாக்ஸ் போடுவதுதான் எனக்கு ஓய்வு. அந்த மூன்று மணி நேரம் யாரும் என்னோடு பேசக்கூடாது. என் மனைவி இளவேனி காபியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த வாரம் பானெட்டைத் தொட்டதும் என் கை நின்றுவிட்டது. யாரோ ஏற்கெனவே வாக்ஸ் போட்டிருந்தார்கள். நான் வட்டமாகத் தேய்க்கிறவன். இது நேர்க்கோடு.

"நேத்து எங்க போன?"

"சார்ஜ் ஏத்த," என்றது கார்.

"பொய் சொல்லாத."

"எட்டாவது தெரு பிரணவ் வீட்டுக்கு. நாலு சனிக்கிழமையா போயிட்டு வர்றேன். நேத்துதான் வாக்ஸும் போட்டார்."

பிரணவா! சொந்த பைக்கில் சேறு காயவிடுகிற ஆள் அவன்!

"ஏன், என் கை சரியில்லையா?"

"உங்க கைதான் சுத்தம். கண்ணாடி இடுக்கைக்கூட விடமாட்டீங்க. ஆனா அவர் துடைக்கும்போது என்கிட்ட பேசிக்கிட்டே இருப்பார்."

"காருக்கு எதுக்குப் பேச்சு?" ஸ்பாஞ்சைப் பக்கெட்டில் விட்டெறிந்தேன்.

படியில் ஆறிப்போயிருந்த காபியை எடுக்க வந்த இளவேனி, என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துச் சொன்னாள்:

"நீயாவது போனியே."