காலியாக விட்ட கட்டம்

“பிணவறைக் காவலருக்குத் தூதரகத்துல விருந்தா?”

தணிக்கை அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். எதிரே தூதரகத்தின் கணக்கு அதிகாரி உட்கார்ந்திருந்தாள்.

வெளியுறவுத் துறையில் அந்தத் தணிக்கை அதிகாரிக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். போன தூதரகத்தில் மூன்று கார்களை ஒன்றாக்கிவிட்டு வந்தவர். அதற்கு முந்தைய தூதரகத்தையே பூட்டிவிட்டு வந்தவர். இந்தச் சின்னத் தூதரகத்துக்கு இரண்டு நாள் வருகிறார் என்றதுமே தோட்டக்காரர்கூட வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டார்.

“மாசம் தவறாம முதல் சனிக்கிழமை. அதே ஆள். விருந்துப் பணம் நமக்கு எதுக்குக் குடுக்கறாங்க, தெரியுமா மேடம்?”

தெரியாமல் என்ன. பதினோரு வருஷமாக அந்தப் படிவத்தை நிரப்புவதே அவள்தான்.

“இந்த ஊர் அமைச்சர், வியாபாரி, பத்திரிகைக்காரங்க... நம்ம நாட்டுக்கு உபயோகப்படறவங்களுக்கு, சார்.”

“இவர் எந்த வகை?”

படிவத்தில் மூன்று கட்டங்கள். விருந்தினர் பெயர், பதவி, நாட்டுக்குக் கிடைத்த பயன். பதவிக்கு நேராக ‘சுகாதாரத் துறை’ என்று பூசி மெழுகியிருக்கலாம். தூதர்தான் விடவில்லை. “அவர் வேலையைச் சொல்ல நமக்கென்னம்மா வெட்கம்?” என்றுவிட்டார். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவதென்று அவருக்கும் தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. மாதாமாதம் காலியாகவே விட்டார்கள்.

அந்தக் காலிக் கட்டத்தின்மேல்தான் இப்போது சிவப்புப் பேனா நின்றது. ‘ஆட்சேபம்’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அந்தச் சாப்பாடு நின்றுபோகும். அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆறவில்லை.

“கொஞ்சம் சொல்லட்டுமா, சார்?”

“சொல்லுங்க. கேக்கறதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்.”

“நம்ம ஆளுங்க இங்க கட்டட வேலை பாக்கறாங்க. யாராவது தவறிட்டா, முறைப்படி நமக்குத் தகவல் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் யார் பெத்த பிள்ளைன்னு தெரியாம, கால்ல ஒரு நம்பரோட கிடப்பாங்க. இவர் அந்த மணி நேரமே நமக்கு போன் பண்ணிடுவார். லீவு நாளா இருந்தாலும், உடலை ஊருக்கு அனுப்ப டாக்டர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கிடுவார்.”

“அது அவர் வேலை.”

“இல்ல சார். பெட்டியை மூடறதுக்கு முன்னால முகம் துடைச்சு, தலை வாரி, ஒரு நல்ல சட்டையும் போட்டுவிடுவார். அவர் காசுல வாங்கின சட்டை. ‘அம்மா பார்ப்பாங்கல்ல’ன்னு சொல்வார்.”

பேனா அசையவில்லை. அவள் விடாமல் சொன்னாள்.

“பணம் குடுத்தா வாங்க மாட்டார். ரொம்ப முன்னாடி இருந்த ஒரு தூதர், வீட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டிருக்கார். மனுஷன் அழுதுட்டாராம். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து யாரும் அவரைப் பக்கத்துல உக்கார வெச்சு சாப்பாடு போட்டதில்லையாம். அதுக்கப்புறம் எந்தத் தூதர் வந்தாலும் இதை நிறுத்தல, சார்.”

தணிக்கை அதிகாரி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

“சட்டைக்கு ரசீது இருக்கா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனிடம் போய் மனசைத் திறந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“இல்ல சார். அவர் கேட்டதும் இல்ல, நாங்க குடுத்ததும் இல்ல.”

“சரி. ஒன்பது வருஷத்துக்கு முந்தின விருந்து ஃபைலை எடுத்துட்டு வாங்க.”

போச்சு. பழசையும் சேர்த்துக் கிளறப் போகிறார். அவள் ஃபைலைத் தேடியெடுத்து மேஜைமேல் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

“கதவைச் சாத்திட்டுப் போங்க,” என்றார் அவர்.

வெளியே தூதர் காத்திருந்தார். “விடும்மா. வெட்டினா வெட்டட்டும். இனிமே என் சம்பளத்துல சாப்பாடு போடறேன். நாளன்னிக்கு அவரை வரச் சொல்லியாச்சு.”

“நீங்க மாற்றலாகிப் போனப்புறம், சார்?”



ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கத்தரிக்கோல் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவார்?”

“ஏழு மணிக்கு.”

“நாளைக்குப் போட்டிருக்கிற என் டிக்கெட்டை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடுங்க.” அவ்வளவுதான். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

வந்த விருந்தாளியைச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்காரவைத்துக் கேள்வி கேட்கப் போகிறாரா? அவள் ஓடிப்போய் ஃபைல்களைப் புரட்டினாள். போன ஒரு வருஷத் தாள்கள் பன்னிரண்டிலும் ‘சரி’ என்ற குறி மட்டும் இருந்தது. பழைய ஃபைலில் ஒரே ஒரு மாதத்துத் தாளை ஓரம் மடித்துவைத்திருந்தார். அதில் ‘நாட்டுக்குக் கிடைத்த பயன்’ என்ற கட்டம் காலியாக இல்லை. சிவப்பு மையில் எழுதியிருந்தது:

“என் தம்பி நாலாம் நாளே வீடு வந்து சேர்ந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். அம்மா பார்த்தாள்.”