நானூறு வருடத் துரு

"எத்தனை வருஷத்துப் பழசு வேணும் சார்?"

நாடக உடைக் கடைப் பெயின்டர், முடிவெட்டுபவர் "மிஷினா, கத்தரியா?" என்று கேட்கிற அலட்சியத்தோடுதான் கேட்டார்.

"நானூறு," என்றார் தலைவர்.

"முந்நூறைத் தாண்டினா அங்கங்க ஓட்டை விழணும். பரவாயில்லையா?"

"வீரம்னா ஓட்டை இல்லாமலா? தாராளமாப் போடுப்பா."

தலைவர் என்றால் நாட்டுக்கோ கட்சிக்கோ இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு. தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியைக்கூடப் போர்ப் பிரகடனம் போல அறிவிப்பவர். மகன் விரும்பிய பெண்ணின் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனபோது, பெண்ணின் அப்பா, "எங்களுக்குப் பரம்பரைதான் முக்கியம்" என்றார். தலைவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க முப்பாட்டனார் படைத்தளபதி. அவர் போட்ட கவசம் இன்னும் வீட்டுல இருக்கு" என்று அவிழ்த்து விட்டுவிட்டார்.

"அப்படியா? ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றார் அவர்.

அவர் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி, அதிலும் மோசடிப் பிரிவு என்பது கைகுலுக்கி விடைபெறும்போதுதான் தெரிந்தது. மகனோ அந்தப் பெண் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். அப்படித்தான் தலைவர் ஒரு பிளாஸ்டிக் மார்புக் கவசத்தோடு பெயின்டரிடம் வந்து சேர்ந்தார்.

பெயின்டர் முதலில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றார். மேலே கறுப்பு அடித்தார். கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளிச் சாயம் தொட்டு விளிம்புகளில் மட்டும் உரசினார். இடுக்குகளில் பழுப்புத் தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்தார். ஆணி முனைகளைச் சுற்றிப் பஞ்சால் ஆரஞ்சை ஒற்ற, தலைவரின் கண்ணெதிரே துரு பூத்தது.

"யாரையும் தட்டிப் பார்க்க மட்டும் விட்டுடாதீங்க சார். பார்வைக்குத்தான் இரும்பு. தட்டினா பக்கெட்டு."

வீட்டில் மனைவி கவசத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏங்க, நானூறு வருஷம்னா முப்பாட்டனார் எப்படி? உங்க வீட்டுல எல்லாரும் நூறு வயசுலதான் பிள்ளை பெத்துக்கிட்டாங்களா?"

"உனக்குச் சரித்திரம் தெரியாது. பேசாம இரு."

"எனக்கு உங்க தாத்தாவோட பஞ்சர் கடை தெரியும். மோசடிப் பிரிவுக்காரர்கிட்டயே மோசடி பண்றீங்க. உள்ளே போனா சாப்பாடு கொண்டு வரச் சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நேரே கவசத்தின் முன் போய் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

அதிகாரியின் விரல் இடது மார்பில் ஓர் இடத்தில் நின்றது. சாய்வாக ஒரு வெட்டு. பெயின்டர் தொழில் உற்சாகத்தில் தானாகச் சேர்த்திருந்த உபரி அது. தலைவரே அப்போதுதான் பார்த்தார்.

"இது?"

"அது... வாள் வெட்டுங்க."

"எந்தப் போர்ல?"

"ஆத்தங்கரைப் போர்ல."

"எந்த ஆறு?"

"அப்ப ஓடுச்சுங்க. இப்ப வத்திப்போச்சு."

"வெட்டினது யாரு?"

"பேரு தெரியலீங்க. எதிரிதான்."

அதிகாரி விரல் முட்டியால் கவசத்தைத் தட்டினார். டொப். சந்தேகத்துக்கே இடமில்லாத பக்கெட். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. இன்னொரு முறை தட்டினார். டொப். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டேப்பை எடுத்து வெட்டின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தார். நான்கு பக்கமும் போட்டோ பிடித்தார்.

"இதை இங்கேருந்து நகர்த்தாதீங்க. துடைக்கவும் வேண்டாம். விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

காபியைத் தொடாமலே போய்விட்டார்.

"அளவெல்லாம் எடுத்துட்டுப் போறாரே! கோர்ட்ல காட்டத்தானே?" தலைவர் சோபாவில் சரிந்தார்.

"உங்களுக்கு அளவு எடுக்கலையேன்னு சந்தோஷப்படுங்க," என்றாள் மனைவி.

தலைவர் பெயின்டருக்குப் போன் போட்டார். "யோவ், போலீஸ்காரர் யாராவது வந்து கேட்டா என்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடு."

"போலீஸ்னு சொல்றீங்க. அவங்க கேக்கற விதமே வேற சார். பார்க்கலாம்."

மறுநாள் காலை பெயின்டரே அழைத்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"சார், உங்க வீட்டுக்கு வந்தவர் இப்ப கடையில நிக்கிறார். கையில கவசத்து போட்டோ."

தலைவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மகனின் கல்யாணமும் தன் தலைவர் பதவியும் ஜோடியாகக் கைகோத்துப் போவது தெரிந்தது.

"எல்லாத்தையும் கக்கிட்டியா?"

"நான் வாயே திறக்கலை சார். ஊருக்குள்ள இந்த வேலை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே, அவரே தேடி வந்துட்டார்."

"கேஸ் போடறாரா?"

"இல்ல சார், ஆர்டர் போடறார்."

"ஆர்டரா?"

"அந்த வெட்டுல கச்சிதமா உட்கார்ற மாதிரி ஒரு வாள் வேணுமாம். வெட்டின எதிரி அவரோட முப்பாட்டனாராம். துரு மட்டும் உங்களுதைவிட ஒரு நூறு வருஷம் தூக்கலா இருக்கணுமாம்!"