பழைய மதிப்பெண்

'இன்னும் மூணு இருக்கு, கொஞ்சம் யோசிப்பா' என்று லவோன் மனசுக்குள் கெஞ்சினாள்.

டாக்டர் நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து வார்த்தைகளில், அமெரிக்கக் கால்பந்தில் பதினொரு சீசன் கார்னர்பேக் என்ற தடுப்பாட்டக்காரனாக ஆடி ஓய்ந்த அவள் கணவன் டாரியஸுக்கு இரண்டுதான் நினைவிருந்தது.

"முதல் சீசனுக்கு முன்னாடி வச்ச டெஸ்ட்லயும் அஞ்சுக்கு ரெண்டுதான், மேடம். ஆட்டத்தால மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு கையெழுத்துப் போடுங்க," என்றார் அணியின் டாக்டர்.

"நான் அப்பவே மக்குதான்," என்று டாரியஸ் சிரித்தான்.

அந்த முதல் டெஸ்ட் முடிந்து வீடு திரும்பும்போது, காரில் ஐந்தையும் வரிசையாக ஒப்பித்தவன் அவன். முதல் டெஸ்டில் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லிவிட்டால், பிறகு தலையில் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது, ஆடவிடாமல் வெளியே உட்கார வைக்க மாட்டார்கள் என்று அவனுக்கு யோசனை சொன்னவள் லவோன்தான்.

அவள் பேனாவை மூடி டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போடலை, டாக்டர்."