கொடி கட்டிய மரம்

"ஒரு தரம்" என்றார் ரேஞ்சர்.

யாரும் வாய் திறக்கவில்லை.

வனச்சரக அலுவலக வளாகத்தில், புங்க மரத்தடியில் அவள் நின்றிருந்தாள். ஏலம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி. ஏலம் விடச் சொல்லி வழக்குப் போட்டவளுக்கு மரத்தடி. அதில் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. கண்ணாரப் பார்க்கத்தானே வந்தாள்?

நாற்காலிகளில் அடிவாரத்துக் கடுக்காய் வியாபாரிகள். எல்லாரும் ஏலத்துக்கு முன்பணமாக டேவணி கட்டியவர்கள். கட்டின பணத்துக்காவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் போனில் எதையோ பார்த்துச் சிரித்தார்.

கேட்டது ஒரே ஒருவர். அரசு வைத்த விலைக்கு மேல் வெறும் நூறு ரூபாய்.

கஜபதி அண்ணன்.

அவளைக் கோர்ட்டு வரைக்கும் கூட்டிப்போனவர்.

போன வருஷம் மலைக் கடுக்காய் மொத்தத்தையும் ஏலமே விடாமல் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது அரசு. பொறுக்கிய பெண்களுக்குக் கம்பெனி கொடுத்த கூலி, முதுகு வலித் தைலத்துக்கே காணாது. அப்போதுதான் இவர் மலையேறி வந்தார். பத்துப் பேர் போட்டி போட்டால்தான் உங்கள் கூலியும் ஏறும் என்றார். வியாபாரி போட்டால் கோர்ட்டு சந்தேகப்படும், மலைக்காரி கேட்டால் காது கொடுக்கும் என்றார். வக்கீல் செலவு அவருடையது. மனுவில் பெயர் அவளுடையது.

பெயர் மட்டும்தானே என்று அவளும் நினைத்தாள்.

வனக்காவலர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றதும், புருஷன் மேல் மரம் வெட்டியதாக ஒரு கேஸ் ஏறியது. அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அப்படியும் அவள் அசையவில்லை.

தீர்ப்பு வந்த அன்று வக்கீல் தமிழில் சொல்லிக் காட்டினார். ஊர்ச் சொத்தை அரசு தன் இஷ்டத்துக்கு ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. எல்லார் முன்னாலும் ஏலம் விட வேண்டும்.

எல்லார் முன்னாலும். பஸ்ஸில் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இதோ, எல்லார் முன்னாலும்தான் நடக்கிறது.

"ரெண்டு தரம்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. கயிற்றுத் தடுப்பு வரை போய், "யாராச்சும் கேளுங்களேன்" என்றாள்.

டேவணி கட்டாதவர்கள் பேசக் கூடாது என்று ரேஞ்சர் கையைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. சட்டப்படிதான் நடத்துகிறார்.

"மூணு தரம்."

மேசையைத் தட்டினார்கள். அவ்வளவுதான்.

உடனே டீ வந்தது. கஜபதி செலவு. இவ்வளவு நேரம் ஊமையாக இருந்தவர்களுக்கு இப்போது வாய் முளைத்தது. இந்தக் காடு இவருக்கு, அடுத்த மலைப் புளி அவருக்கு என்று நேற்றே பேசி முடித்திருந்தார்கள். அதை ஒளிக்கக்கூட இல்லை.



ஒரு டீயைக் கஜபதியே அவளிடம் கொண்டுவந்து நீட்டினார். முகத்தில் துளிகூட கூச்சமில்லை.

"மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத தங்கச்சி. நீங்க மலையில மரத்துக்குக் கொடி கட்றதில்லையா? ஒருத்தர் கட்டின மரத்த இன்னொருத்தர் தொடுவீங்களா? நாங்களும் அப்படித்தான். திங்கக்கிழமை லாரி வரும், பொம்பளைங்கள சேர்த்து வை. கூலி பழைய கூலிதான்."

கொடி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் சொல்லித்தான். கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில், பொழுது போகாமல், பெருமையாகச் சொன்னாள். கடுக்காய் விழத் தொடங்கும் முன் ஆளாளுக்கு மரத்தில் ஓணான்கொடியைச் சுற்றிக் கட்டுவார்கள். முதலில் கட்டியவருக்கு மரம். கட்டிய கை அவிழ்க்கும் வரை இன்னொருவர் ஒரு காயைத் தொட மாட்டார். ஒரு வருஷம் நாத்தனார் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் கட்டிய மரத்தடியில் காய் குவிந்து கிடந்தது. மான் தின்றது, மழையில் அழுகியது. மனுஷக் கை படவில்லை.

அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். வியந்து கேட்கிறார் என்று அவள் நினைத்தாள்.

டீயை வாங்கினாள். குடித்து முடித்தாள்.

"சரிங்கண்ணா" என்றாள்.

மத்தியான பஸ்ஸில் மலையேறினாள். வீட்டில் புருஷன் இருந்தான். அவனைத் தாண்டிப் போனாள். கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தாள்.

இந்த வருஷம் இன்னும் யாரும் கொடி கட்டவில்லை. ஏலம் முடியட்டும், நல்ல கூலியாக வரும் என்று எல்லாரையும் அவள்தான் நிறுத்தி வைத்திருந்தாள்.

ஓடைக்கரையில் ஓணான்கொடி மண்டிக் கிடந்தது. அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

முதலில் எப்போதும் கட்டும் மரத்தில் கட்டினாள். வழக்கமான முடிச்சு. இந்த வருஷம் அதை அவிழ்ப்பதாக இல்லை.

அடுத்தது நாத்தனார் கட்டும் மரம். அதிலும் கட்டினாள். அவள் வந்து சண்டை போடுவாள். போடட்டும், சொல்லிக்கொள்ளலாம். யாரும் காய் பொறுக்காமல் இந்த வருஷம் அடுப்பு எப்படி எரியும் என்பதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அதற்கடுத்த மரத்துக்குப் போனாள்.

காடு பெரிசு. திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

கொடியும் நிறைய இருந்தது.