இரண்டாவது கல்

முதல் ஏரிக்கரையில் பல் டாக்டரின் ஷூ லேஸ் அவிழ்ந்து இழுபட்டுக்கொண்டிருந்தது.

அதைச் சொல்ல அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா காலையில் வாசலிலேயே தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். சார் என்று கூப்பிடாதே, அந்நியமாகிவிடும். அண்ணா என்று கூப்பிடாதே, உனக்கு அண்ணன் என்றால் உன் அக்காவுக்கு அவர் என்ன ஆவார், கொஞ்சம் யோசி. மாமா என்று மட்டும் வாய் தவறியும் கூப்பிட்டுவிடாதே.

கடைசித் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையை நான் முதல் நாளே மாமா என்றேன். தான் முடிவெடுப்பதற்கு முன்பே தம்பி உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டான் என்று, அந்த ஒரே காரணத்துக்காக அக்கா வேண்டாம் என்றாள். அவளை யாரும் முந்திக்கொள்ளக் கூடாது.

இவர் ஏழாவது. அக்காவின் அலுவலகத் தோழி சொன்ன இடம். ஒரு நாள் நடந்துகொண்டே பேசிப் பார்க்கிறோம் என்று இருவரும் சொல்ல, தம்பியும் கூட வருவான் என்று அம்மா சொல்லிவிட்டாள். மலையைத் தேர்ந்தெடுத்தது பல் டாக்டர். அதிகம் பேருக்குத் தெரியாத பாதை, மூன்று ஏரிகள், சின்னச் சின்னக் குகைகள், தானும் இதுவரை போனதில்லை என்றார்.

எனக்கு மலையில் அக்கறை இல்லை. அக்கா சரி என்று சொன்னால் அவளுடைய அறை எனக்கு வரும். ஜன்னல் உள்ள அறை. இப்போதைக்கு நான் கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் வசிக்கிறேன். ஒன்றிலிருந்து சத்தம் வரும். மற்றதிலிருந்து வருவது சத்தம் இல்லை.

"என்னங்க..." என்றேன், லேஸைக் காட்டி.

அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அது பெண்டாட்டிமார் கூப்பிடுகிற முறை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு இருமிக் கூப்பிட்டேன். இரண்டாவது ஏரி வருவதற்குள் ஐந்து முறை இருமியிருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மறுக்க ஒரு சொல் வேண்டுமே. விழுங்கினேன்.

மனிதர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆனாலும் ஒரு பிரிவில்கூட வழி தவறவில்லை. கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஏரிக்கரையில் அக்கா நேராகப் போய் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தாள். அவர் ஆரஞ்சை உரித்து, வெள்ளை நாரை ஒவ்வொன்றாக நீக்கி, அவள் கையில் கொடுத்தார். நார் இருந்தால் அக்கா தொடமாட்டாள். பல் டாக்டர் அல்லவா, இடுக்கில் இருப்பதை எடுத்துப் பழகிய கை.

எனக்குக் கொடுத்த பழத்தில் தோலே பாதி இருந்தது.

அப்புறம் குகைகள் வந்தன. முதல் குகையில் ஒரு பூனை படுக்கலாம், அதுவும் காலை மடக்கி. அவர் ஒவ்வொன்றின் முன்னாலும் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து உள்ளே அடித்து, சொத்தை ஆழமாகப் போகவில்லை, அடைத்துவிடலாம் என்றார்.

அக்கா சிரித்தாள். ஆறு மாப்பிள்ளைகள் வந்துபோனபோதும் சிரிக்காதவள்.

நான் மனத்துக்குள் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கினேன்.

மூன்றாவது ஏரிக்கு ஒரு குகைக்குள் நுழைந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். முப்பது அடி இருக்கும். டார்ச்சோடு அவர் முன்னால், நான் நடுவில், அக்கா எனக்குப் பின்னால். அவர் ஒரு வளைவில் திரும்பினார். வெளிச்சமும் அவரோடு திரும்பிப் போய்விட்டது.

அடுத்த அடியில் நெற்றி கல்லில் மோதியது.

வேறு யாராக இருந்தாலும் அம்மா என்றுதான் கத்தியிருப்பார்கள். என் வாயில் காலையிலிருந்து பூட்டி வைத்திருந்தது வேறு சொல்.

"மாமா!"

குகை அதை விடவில்லை. மாமா, மாமா, மாமா என்று அந்தக் கோடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

வளைவுக்கு அப்பாலிருந்து, கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது.

"என்ன மச்சான்?"

காலையிலிருந்து தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். இப்போது அக்காவை இரண்டு பேர் முந்தியாகிவிட்டது. ஏழாவதும் போயிற்று. இருட்டில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது ஃபிரிட்ஜ் சத்தம் போலவே கேட்டது.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே காய் நறுக்குகிறவளின் குரல்.

"பாத்து குனிஞ்சு வாடா. ரெண்டாவது கல்லு இதைவிடத் தாழ்வா இருக்கும்."

நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அக்கா ஆறு மாதமாக ஒரே கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஒவ்வொரு முறையும் ஷூ நிறையச் சேற்றோடு வருவாள். பல் ஆஸ்பத்திரி வாசலில் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பாள். அம்மாவும் நானும் உட்கார்ந்து நகராட்சியைத் திட்டுவோம்.

திரைச்சீலை நீலம்தான் என்று முடிவு செய்துகொண்டு, குனிந்தேன்.

இரண்டாவது கல் தலைமுடியை மட்டும் உரசிக்கொண்டு போனது.